உருண்டையடுப்புக்கு ஓர் உறி

வள்ளியம்மாவுக்கு அந்த வருஷம் ஐம்பத்திரண்டு வயது. கடற்கரைக் கிராமமான சல்லியில் பிறந்து சல்லியிலேயே வாழ்க்கைப்பட்டவள். களைப்பு என்பது இரவு படுத்தெழும்பினால் போய்விடுகிற சாமான் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தாள். எழுபத்து நாலாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கிழமை வந்த களைப்பு மட்டும் எழும்பிப் போகிற எண்ணமே இல்லாமல் அவளோடு தங்கிவிட்டது. என்ன காரணம் என்று கேட்டால் ஓர் அடுப்பைக் காட்டுவாள்.

அடுப்பு இருந்தது உவர்மலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு விருந்தினர் விடுதியில். இங்கிலீசுக்காரர் கடற்படையை எடுத்துக்கொண்டு போகுமுன்னர் அவர்களில் ஒரு பெரிய அதிகாரி குடியிருந்த வீடு அது. பிறகு கொழும்பு முதலாளி ஒருவர் வாங்கி, வந்துபோகிறவர்களுக்கு அறை கொடுக்கத் தொடங்கினார். வள்ளியம்மா அங்கே கூட்டித் துடைக்கவும் சீலை துவைக்கவும் சேர்ந்து ஒன்பது வருஷம். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் புருஷனின் வள்ளத்தைக் கொண்டுபோனதற்கு அடுத்த தை மாதம் சேர்ந்தவள். ஒரே மகள் குச்சவெளியில் கலியாணம் முடித்து, நாலு பிள்ளையோடு தன்பாட்டில் அல்லாடிக்கொண்டிருந்தாள்.

விடுதியின் கடற்பக்க விறாந்தை சிவப்புச் சீமெந்து போட்டது. அதற்கு மெழுகு பூசி, தேங்காய்ப்பொச்சால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வள்ளியம்மாவின் வேலை. "இந்த நிலத்தில் முகம் பார்க்கலாம்" என்று வந்த விருந்தினர் எல்லாரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் முகம் பார்க்க நேரம் இருந்ததில்லை. வீட்டுக் கண்ணாடி உடைந்தும் மூன்று வருஷம்.

வேலை கிழமையில் ஆறரை நாள். விடியுமுன் முதல் பஸ்ஸில் வந்து, இருட்டினபிறகு கடைசி பஸ்ஸில் போவாள். ஞாயிறு மட்டும் மத்தியானத்தோடு விடுதலை. மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் சாம்பல்தீவுச் சந்தியில் இறங்கி, மணலில் நடந்து, நாலரைக்கு வீட்டில் நிற்கலாம். அந்த மூன்றரை பஸ்தான் இந்தக் கதையின் உயிர். அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு.

அவளுடைய புருஷன் இரத்தினசிங்கத்துக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நரம்பு பட்டுப்போகிறதென்றும், கண்ணாடியோ மருந்தோ பிடிக்காதென்றும் கண் டொக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மாரி தாண்டினால் பெரிய விஷயம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில் இரத்தினசிங்கத்துக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வெயில் இருந்தால் ஆளையும் முகத்தையும் ஒருமாதிரிப் பிடித்துவிடுவார். வேலை நாட்களில் வள்ளியம்மா போவதும் வருவதும் இருட்டில். ஆகவே அவர் தன் பெண்சாதியின் முகத்தைப் பார்க்கக் கிழமையில் ஒரே ஒரு நேரம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து பொழுதுபடுகிற மட்டும். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஞாயிறு பின்னேரங்களில் வேலியோரம் கதிரையைக் கிழக்கே பார்க்கப் போட்டுக்கொண்டு இருப்பார். அவள் வந்து எதிரே குந்தி மீன் வெட்டுவாள்.

அந்த ஞாயிற்றைத்தான் அடுப்பு வந்து தின்றது.

சீனன்குடாப் பக்கம் வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது, திரும்பி வந்து எடுக்கிறேன் என்று முதலாளியிடம் விட்டுவிட்டுப் போன அடுப்பு அது. பூசணிக்காயைக் குறுக்கே வெட்டினதுபோல அடியில் ஒரு பாதி, மூடி மறுபாதி. உள்ளும் புறமும் சிவப்பு எனாமல். மூன்று கால். உள்ளே கரியைப் போட்டுக் கம்பித் தட்டில் மீனை வைத்து மூடினால் அருமையாய் வெந்துவரும், அதைக் குறை சொல்லக்கூடாது. விடுதியில் எல்லாரும் அதை உருண்டையடுப்பு என்றார்கள். முதலாளிக்கு அதிலே பித்து. ஞாயிறு தவறாமல் சிநேகிதரைக் கூட்டிவந்து விறாந்தையில் இருத்தி, துறைமுகத்தைக் காட்டி, சுட்ட மீன் கொடுப்பார்.

அடுப்பின் அடியில் காற்றுப் போகச் சின்னச் சின்ன வாய்கள் இருந்தன. காற்று ஏறுகிற வழியால் சாம்பல் இறங்கும். அதை ஏந்த ஒரு தட்டம் இருந்ததாம். இஞ்சினியர் வீடு மாறின அமளியில் அது எங்கேயோ தவறிவிட்டது. தட்டத்தைத் தொலைத்தவர் தன்பாட்டில் கப்பலேறிப் போனார். சாம்பல் கொட்டினது வள்ளியம்மாவின் நிலத்தில்.

வெறும் சாம்பலென்றால் கூட்டிவிடலாம். மெழுகு பூசின நிலத்தில் சாம்பல் விழுந்து, அதன்மேல் மீன்நெய்யும் சொட்டி, விருந்தினரின் சப்பாத்துக்கால் மிதித்துத் திரிந்தால் அது கூட்டிப் போகிற காரியமில்லை. மெழுகைச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, திரும்பப் பூசித் தேய்க்க வேண்டும். விருந்து இரண்டு மணிக்கு முடிந்தால் அவள் இடுப்பை நிமிர்த்த ஐந்தரையாகும். மூன்றரை பஸ் போய்விடும்.

நிலத்தில் ஒரு தகரத் தட்டை வைத்துப் பார்த்தாள். மாசி, பங்குனியில் அது கொஞ்சம் உதவினது. மே மாதம் கச்சான் காற்றுத் தொடங்கியதும், அடுப்பிலிருந்து இறங்குகிற சாம்பல் தட்டை எட்டுமுன்னரே பறந்து ஐயாமாரின் கோப்பைகளில் ஏறிக் குந்தியது. ஈரச் சாக்கை விரித்தால் சாக்கின் சாயம் நிலத்தில் ஊறினது. அடுப்பை முற்றத்தில் வைக்கலாமே என்றால், காய்ந்த புல்லில் நெருப்புப் பற்றும் என்று முதலாளிக்குப் பயம்.

சமையற்காரர் அபூதாஹிர் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிறவர், அவளைவிடப் பத்து வயது இளையவர், பகிடிக்காரர். "உங்கட ஊர்ப் பாதையிலேயே சாம்பல்தீவு இருக்கு, இஞ்சயும் உங்கள விடுதில்லையே அக்கா" என்று சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைக் கண்டு, மனேஜரிடம் போய் அவளுக்காகக் கதைத்தார்.

"அடியில மூண்டு ஓட்டை போட்டு, மூண்டு போல்ற்றைப் பூட்டி, ஒரு தட்டத்தத் தொங்கவிட்டா அலுவல் முடிஞ்சிது ஐயா. ஒரு மணித்தியால வேல."

மனேஜர் தங்கத்துரை கையை விரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. முதலாளியின் நிழலுக்கும் பயந்தவர், அவ்வளவுதான்.

"ஓட்டைக் கதை கதைக்காதேங்கோ. எனாமல் வெடிச்சால் இந்த உப்புக் காத்துக்கு ஒரு மாதத்தில துருப்பிடிச்சிடும். அது எங்கட சாமானும் இல்லை. அந்த மனுஷன் வந்து கேட்டால், விட்டுட்டுப் போன மாதிரியே குடுக்கவேணும் எண்டு முதலாளி சொல்லியிருக்கிறார்."

ஆக, அடுப்பின் மேனிக்கு நோகக்கூடாது. வள்ளியம்மாவின் முதுகுக்கு எவ்வளவும் நோகலாம். இதை அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவள் பொச்சை எடுத்துக்கொண்டு முழங்காலில் இருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, வழமைபோல இருட்டில் வீட்டுக்கு வந்தாள். இரத்தினசிங்கம் வேலியோரம் கதிரையிலேயே இருந்தார்.

"வந்திட்டியோ?"

"ஓம், வந்திட்டன்."

"இண்டைக்கும் இருட்டிப்போச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். குசினிக்குள் போய் விளக்கைக் கொளுத்தினாள். அந்த மனுஷனுக்கு மிஞ்சியிருக்கிற ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒன்றையும் ஒரு சட்டிச் சாம்பலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. களைப்புக்கு மேலே வந்த கோபம் ஆனபடியால் சத்தம் இல்லாமல் வந்தது. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பின் கதையைத் தலையிலிருந்து கால்வரை அவரிடம் சொன்னாள்.

இரத்தினசிங்கம் வாயில் சோற்றோடு கேட்டார்.

"கால் மூண்டும் நேர நிக்குதோ, விரிஞ்சு நிக்குதோ?"

"விரிஞ்சு. மேல ஒடுக்கம், கீழ அகலம்."

"கரையில மீன் நிறுக்கத் தராசு தூக்கிற முக்காலி மாதிரி?"

"ஓம், அப்பிடித்தான்."

"பேந்தென்னத்துக்கு ஓட்டை? மூண்டு காலையும் வெளிப்பக்கத்தால சுத்தி, மேல இறுக்கி ஒரு வளையம் கட்டு. கால் கீழ போகப் போக அகலுதெல்லே, வளையம் இறங்க ஏலாது. பாரம் கூடக்கூட இறுகும். அந்த வளையத்தில ஒரு உறியைத் தொங்கவிடு. உறியில பேசின் இருக்கும்."

சட்டியும் பானையும் தொங்குகிற உறி வீட்டு முகட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாய் அதன் கீழே நடந்து திரிந்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று வள்ளியம்மாவுக்கு வெட்கமாயிருந்தது. முதுகு நோகிற ஆளுக்கு முகட்டைப் பார்க்க எங்கே தோன்றும்?

அடுத்த ஞாயிறு வருமுன்னர் இரத்தினசிங்கம் உறியைப் பின்னி முடித்தார். கண் எதற்கு, விரல் பார்த்துக்கொள்ளும். பழைய வலையின் நைலோன் கயிற்றை எடுத்து மூன்று பிரியாய் முறுக்கி, முடிச்சுகளைப் பல்லால் இழுத்து இறுக்கினார். கம்பியில் செய்யலாமா என்று அவர்கள் இருவருமே நினைக்கவில்லை. கம்பி என்றால் கரைச் சனத்துக்கு நம்பிக்கை கிடையாது. உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்காத சாமான். நைலோன் வந்தபிறகு சல்லியில் வேலி கட்டுவதும் அதால்தான், வாளிக்குப் பிடி போடுவதும் அதால்தான். புயலிலும் அறாத கயிறு.

விடுதிக் களஞ்சியத்தில் அடி கறுத்த ஓர் எனாமல் பேசின் கிடந்தது. அதை உறியில் வைத்து, அடுப்பின் வாய்க்கும் பேசினுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டினாள். மூடிக் கட்டினால் காற்று ஏறாது, கரி அவிந்துவிடும். அபூதாஹிர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார். நெருப்பு நன்றாய்ப் பிடித்தது. சாம்பல் நேரே பேசினுக்குள் இறங்கினது. கச்சான் அடித்தும் ஒரு பொட்டு வெளியே வரவில்லை. வள்ளியம்மா குசினி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது.

ஒன்று முப்பத்தைந்துக்குப் புகைச்சல் மணம் வந்தது. மீன் கருகுகிற மணமில்லை. அவள் ஓடிப்போகுமுன் வளையம் நீண்டு இளகி, பேசின் ஒருபக்கம் சரிந்து, தணலும் சாம்பலுமாய் நிலத்தில் கவிழ்ந்தது. விருந்தினர் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலத்தில் மட்டும் ஒரு தோசையளவுக்கு மெழுகு எரிந்து கறுத்துப்போயிற்று.

கடலுக்குள்ளேயே சீவித்த கயிறு நெருப்பை எங்கே கண்டது! கண்டிருந்தால் அவர்களும் அறிந்திருப்பார்கள்.

முதலாளி போனபிறகு மனேஜர் அவளைக் கூப்பிட்டார். கோபத்திலும் நீங்கள் என்றுதான் கதைத்தார்.

"வள்ளியம்மா, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள், எனக்கு விளங்குது. ஆனால் இன்னொருக்கா இப்பிடி நடந்தால் என்னால ஒண்டும் செய்ய ஏலாது. முதலாளி வேறை ஆளைப் பாக்கச் சொல்லிப்போட்டார்."

அன்று கறுத்த இடத்தைச் சுரண்டி முடிக்க ஆறு மணி தாண்டிவிட்டது. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விட்டுவிடலாம் போலிருந்தது. பேசாமல் ஐந்தரை வரை சுரண்டிவிட்டு, வேலையையாவது காப்பாற்றிக்கொண்டு கிடக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் வேறெங்கே போவது?

உருகின கயிற்றுத் துண்டை இரத்தினசிங்கத்தின் கையில் வைத்தாள். அவர் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நுனி உருகி, இறுகி, புளியங்கொட்டை மாதிரி ஆகியிருந்தது.

"இதை நம்பி எத்தினை வருஷம் கடலுக்குப் போனனான்" என்று சிரித்தார். பிறகு, "கம்பியால கட்டு" என்றார்.

"இனி ஏலாது, இஞ்சாருங்கோ. இன்னொருக்கா விழுந்தால் வேலை போயிடும்."

"கம்பி விழாது."

"கம்பி துருப்பிடிக்குமே. எத்தினை நாளைக்கு நிக்கும்?"

"துருப்பிடிக்க ஒரு வருஷம் செல்லும்" என்றார் இரத்தினசிங்கம். "எனக்கு அவ்வளவு காலம் தேவையில்லை."

வள்ளியம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. விளக்கு வெளிச்சந்தானே, துடைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அவருக்கும் இத்தனை மாதமும் அந்த மூன்றரை பஸ்தான் நெஞ்சில் கிடந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கம்பிக்கு எங்கே போவது? அந்த வருஷம் கடைகளில் ஒன்றும் இல்லை. பாணுக்கே விடிய வரிசையில் நிற்கவேண்டிய காலம். செவ்வாய்க்கிழமை அறைகளில் கட்டில்களுக்கு நுளம்புவலை மாற்றும்போது அவளுக்குக் கண்ணில் பட்டது. வலை தொங்குகிற கம்பி வளையம். அப்படி உடைந்த மூன்று வளையங்கள் களஞ்சியத்தில் கிடந்தன. நல்ல தடித்த கம்பி. மனேஜரிடம் கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் அடுப்பை மூட்டிச் சோதிச்சுப்போட்டுச் செய்யுங்கோ. ஞாயிறு நான் பக்கத்திலயே நிப்பன்" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் அபூதாஹிர் குறட்டைக் கொண்டுவந்தார். ஒரு வளையத்தை நிமிர்த்தி, மூன்று காலையும் வெளியால் சுற்றி, நுனிகளைச் சேர்த்து முறுக்கினார். எனாமலில் உரசாமல் வளையத்தைக் காலோடு மட்டும் நிறுத்தினார்கள். மற்றக் கம்பிகளால் பேசினின் அடியைத் தாங்க ஒரு கூடு வளைத்து, அதன் மூன்று நுனிகளையும் கொக்கியாய் மடித்து வளையத்தில் மாட்டினார்கள். வள்ளியம்மா பேசினுக்குள் இரண்டு செங்கல்லைத் தூக்கி வைத்தாள். வளையம் ஒரு நூல் இறங்கி, கால்களைக் கவ்விக்கொண்டு நின்றது. மூன்றாவது கல்லையும் வைத்தாள். அசையவில்லை. பிறகு கற்களை எடுத்துவிட்டு, ஒரு சட்டி கரியைப் போட்டு இரண்டு மணித்தியாலம் எரித்தார்கள்.

"அக்கா, இனி ஆனையக் கட்டினாலும் நிக்கும்" என்றார் அபூதாஹிர்.

"எனக்கு ஆனை வேண்டாம் தம்பி. மூண்டரை பஸ் போதும்."

ஞாயிறு வந்தது. பதின்மூன்று விருந்தினர். மனேஜர் அடுப்புக்கு இரண்டு முழத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார், சாமி காவுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வள்ளியம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. பார்த்தால் விழுந்துவிடும் என்று ஒரு பயம். ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. கச்சான் யன்னல்களைப் படபடவென்று அடித்தது. இரண்டேகாலுக்கு அபூதாஹிர் எட்டிப் பார்த்து, "வாங்க, உங்கட நிலத்தப் பாருங்க" என்றார்.

நிலம் காலையில் அவள் விட்டபடியே கிடந்தது. ஒரு துளி சாம்பல் இல்லை. ஈரச்சீலையால் ஒரு தரம் துடைத்தாள், மெழுகுத்துணியால் ஒரு தரம் இழுத்தாள். பேசினைக் கழற்றிக் கிணற்றடிக் குழியில் கொட்டினாள். அப்போதும் கவனமாய்க் காற்றுக்கு எதிரே நில்லாமல் கொட்டினாள். கைகால் கழுவி, பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மூன்று அடிக்கவில்லை. மனேஜர் வாளியை இன்னும் கையில் பிடித்தபடியே அவளுக்குத் தலையசைத்தார்.

மூன்றரை பஸ்ஸில் இடமில்லை. நின்றுகொண்டே போனாள். கால் நொந்தது, இடுப்பு நொந்தது, ஆனால் வழியெல்லாம் வெயில் இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் தெருவை வெளிச்சத்தில் பார்க்கிறாள். சந்தியில் இறங்கி மணலில் நடந்தாள். ஓடத்தான் ஆசை, உடம்பு விடவில்லை.

இரத்தினசிங்கம் வேலியோரம் கிழக்கே பார்த்துக் கதிரையில் இருந்தார். காலடிச் சத்தத்தில் தலையை நிமிர்த்தினார்.

"வள்ளியோ? வெயில் நிக்குது, வந்திட்டாய்?"

"ஓம். கம்பி நிண்டிட்டுது."

"கிட்ட வா."

அவள் அவர் முழங்காலுக்கு முன்னால் வெயிலைப் பார்த்துக் குந்தினாள். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். தை மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறார். வெகுநேரம் பார்த்தார்.

"தலை முழுக்கச் சாம்பல்" என்றார். "இண்டைக்கும் கொட்டிட்டுதோ?"

வள்ளியம்மா தலையில் கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை சுத்தமாயிருந்தது. காதோரம் இரண்டு மூன்று நரை இருந்ததைத்தான் அவர் கடைசியாய்க் கண்டு பகிடி பண்ணினவர்.

அவள் முந்தானையை எடுத்து, நெற்றியிலிருந்து கொண்டைவரை மெள்ளத் தட்டினாள். இரண்டு தரம் தட்டிவிட்டு, "போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

இரத்தினசிங்கம் கையை நீட்டி அவள் தலைமயிரைத் தொட்டார். வலைக்கயிற்றைப் பார்க்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"ஓம், போயிட்டுது" என்றார்.

மீன் வெட்ட நேரமாயிருந்தது. வெளிச்சம் போகும்வரை அவள் அவ்விடத்தை விட்டு எழும்பவில்லை.